அரக்கு பூசிய மரம்: அம்பாசமுத்திரமும் வெனிஸும்

மரச்சாமானின் மேல் பூசப்படும் அரக்கு என்பது ஒரே பொருளின் பெயர் அல்ல. அம்பாசமுத்திரத்துச் செப்புச் சாமானில் மினுங்குவது ஒரு பூச்சி சுரந்த பிசின். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கு நகரத்தார் வீடுகளிலிருந்து வந்து சேர்ந்த பர்மாப் பெட்டிகளின் கறுப்பு, ஒரு மரத்தின் பால். வெனிஸ் நகரத்து மாளிகைகளுக்காக 18-ஆம் நூற்றாண்டில் செய்த வண்ண அலமாரிகளின் பளபளப்போ, சாராயத்தில் கரைத்த பல பிசின்களின் கலவை. கண்ணுக்கு மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான். வேதியியலில் மூன்றும் வெவ்வேறு. எது எந்த வகை என்று தெரியாமல் ஸ்பிரிட்டும் பஞ்சுமாகத் துடைக்கப் போனால், இருநூறு ஆண்டுப் பூச்சு இரண்டே நிமிடத்தில் பஞ்சோடு வந்துவிடும்.

பூச்சியிலிருந்து தொடங்கலாம். கெரியா லாக்கா என்ற செதில் பூச்சியின் குஞ்சுகள் அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டிய செம்புள்ளிகள். தாய்ப்பூச்சியின் கூட்டிலிருந்து ஆயிரக்கணக்கில் வெளியேறி, இளங்கிளையைத் தேடி ஊர்ந்து போய், பட்டையில் வாயுறுப்பைச் செருகி மரச்சாற்றை உறிஞ்சத் தொடங்கும். பெண் பூச்சிக்கு அதன் பிறகு நகர்வே கிடையாது. உடல் முழுவதிலுமுள்ள சுரப்பிகள் பிசினைக் கசியவிட, பூச்சி தானே கட்டிய ஓட்டுக்குள் அடைபடுகிறது. நெருங்கி உட்கார்ந்த பூச்சிகளின் ஓடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிளையைச் சுற்றிப் பட்டையாகப் படியும். நாட்டு மருந்துக் கடையில் கொம்பரக்கு என்று கேட்டால் கிடைப்பது இந்தப் பட்டைதான்.

எல்லா மரத்திலும் இது வளராது. புரசு, இலந்தை, தமிழில் பூவம் எனப்படும் குசும் ஆகிய மூன்றும் முக்கியமான தாய்மரங்கள். குசும் மரத்து அரக்கு நிறம் வெளிறி, தரம் உயர்ந்து இருக்கும், விலையும் அப்படியே. புரசு, இலந்தை மரங்களில் வளர்வது ரங்கீனி வகை. இரண்டு வகையும் ஆண்டுக்கு இரண்டு அறுவடை தரும். ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம், மேற்கு வங்கம், ஒடிசா ஆகியவற்றின் காட்டோரப் பழங்குடிக் குடும்பங்களுக்கு இது கைச்செலவுக்கான பயிர். இதற்கென்றே ராஞ்சி அருகே நாம்கும் என்ற ஊரில் 1924-இல் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம், பெயர்கள் பல மாறி இன்றும் இயங்குகிறது.

கிளையிலிருந்து சுரண்டிய அரக்கை நொறுக்கி நீரில் அலசினால் முதலில் இறங்குவது சிவப்புச் சாயம். லாக்காயிக் அமிலங்கள் என்ற அந்தச் சாயத்துக்காகத்தான் அரக்கு பல நூற்றாண்டுகள் கடல் கடந்தது. பிசின் அப்போது பின்வரிசைச் சரக்கு. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த செங்கடல் வணிகக் குறிப்பேடான பெரிப்ளூஸ், இந்தியாவிலிருந்து செங்கடல் துறைக்குப் போன சரக்குகளில் அரக்குச் சாயத்தையும் சேர்த்திருக்கிறது. பட்டிலும் கம்பளியிலும் படிகாரத்தின் துணையோடு ஆழமாகப் பிடிக்கும் இந்தச் சாயம், பருத்தியில் அவ்வளவாக ஒட்டாது. பட்டும் கம்பளியும் புரத இழைகள். அமிலச் சாயத்தை அவற்றின் மூலக்கூறுகள் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பருத்தியோ செல்லுலோஸ். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செயற்கைச் சாயங்கள் வந்ததும் அரக்குச் சாயத்தின் சந்தை சரிந்தது. அரக்குக் கலர் என்ற பெயர் மட்டும் புடவைக் கடையில் நின்றுவிட்டது.

சாயம் போன மணிகளைப் பிசினாக்கும் பழைய முறையை மேற்கு வங்கத்தின் பலராம்பூர், ஜால்தா போன்ற ஊர்களின் பட்டறைகளில் காணலாம். அரக்கு மணிகளை நீண்ட துணிப்பையில் திணித்து, கரியடுப்பின் முன்னால் பிடித்து, ஒரு முனையை ஒருவர் முறுக்கிக்கொண்டே இருப்பார். உருகிய பிசின் துணியின் கண்கள் வழியாகக் கசியும். மரத்துகளும் பூச்சிச் சக்கையும் பைக்குள் தங்கிவிடும். கசிந்ததை வழித்து எடுத்து, சூடு ஆறுவதற்குள் இன்னொருவர் கை இரண்டு, கால் இரண்டு, போதாததற்குப் பல்லாலும் கவ்வி நாலாபுறமும் இழுப்பார். ஓர் ஆள் உயரத்துக்கு அது மெல்லிய தகடாக விரியும். ஆறியதும் நொறுக்கினால் அவலரக்கு, அதாவது செல்லாக். உலகின் மரவேலைப் பட்டறைகளுக்கு இந்தியா ஏற்றுமதி செய்வது இந்த ஆரஞ்சு நிறச் சில்லுகளைத்தான்.

வேதியியல் கணக்கில் செல்லாக் ஓர் இயற்கைப் பாலியெஸ்டர். அலியூரிடிக் அமிலம், ஜலாரிக் அமிலம் போன்றவை ஒன்றோடொன்று எஸ்டர் பிணைப்பால் கோத்துக்கொண்ட சிறு சங்கிலிகளே அதன் உடல். கூடவே ஐந்தாறு சதவீதம் மெழுகு. சங்கிலிகள் சிறியவை, அவற்றுக்கிடையே குறுக்குப் பிணைப்பும் குறைவு என்பதால், 65 முதல் 70 டிகிரி செல்சியஸில் அது இளகும். 80 டிகிரியை நெருங்கினால் ஓடும். நீரில் கரையாது, சாராயத்திலும் காரத்திலும் கரையும். அரக்கின் பலமும் பலவீனமும் இந்த இரண்டு வரிக்குள் அடங்கிவிடும். அரக்கு மாளிகைக் கதையில் அது தீப்பிடிக்கும் பொருளாக வருவதும் தவறில்லை. பிசின் எதுவும் நன்றாக எரியும்.

குறைந்த வெப்பத்தில் இளகும் குணத்தை முழுமையாகப் பயன்படுத்திக்கொண்ட தொழில் கடைசல். தாமிரபரணிக் கரையிலுள்ள அம்பாசமுத்திரத்தின் கடைசல் பட்டறையில் அடுப்பு, குடம், உரல், திருகை, அம்மி எனச் செப்புச் சாமான்கள் விரல் உயரத்தில் உருவாகின்றன. முன்பு மஞ்சக்கடம்பு மரம் பயன்பட்டது. இப்போது கிடைக்கிற யூகலிப்டஸ், ரப்பர் மரங்களும் பட்டறைக்கு வருகின்றன. மரத்துண்டைக் கடைசல் எந்திரத்தில் மாட்டிச் சுழலவிட்டு, உளியால் வடிவெடுத்து, உப்புத்தாளால் வழவழப்பாக்குவது முதல் பாதி வேலை. பிறகு நிறமேற்றிய அரக்குக் கட்டியைச் சுழலும் மரத்தின்மேல் அழுத்துவார்கள். தூரிகையோ அடுப்போ கரைப்பானோ கிடையாது. உராய்வு தரும் வெப்பத்திலேயே அரக்கு இளகி, மரத்தின் நுண்துளைகளுக்குள் இறங்கிப் படிகிறது. அதன்மேல் ஓலைத்துண்டை வைத்து அழுத்தினால் அரக்கு மறுபடி லேசாக இளகிச் சமமாகப் பரவும். கையை எடுக்கும்போது கண்ணாடி போன்ற பளபளப்பு நிற்கும். கர்நாடகத்துச் சன்னபட்டணத்தில் இதற்குத் தாழை ஓலையைப் பயன்படுத்துகிறார்கள். அங்கும் ஆந்திரத்து ஏடிகொப்பாக்காவிலும் பொம்மைக்கு எடுக்கும் மரம் நம்மூர் வெட்பாலை.

கரைப்பான் இல்லாததால் ஆவியாகிப் போக எதுவும் இல்லை. பூச்சு சுருங்காது, காய்வதற்குக் காத்திருக்கவும் வேண்டாம். ஆனால் சுழல்கிற உருளைப் பொருளில்தான் இது நடக்கும். இந்திய அரக்கு மரச்சாமானில் தொட்டில் கம்பும் கட்டில் காலும் நடைவண்டியும் அழகாக அமைந்தும், தட்டையான பெட்டியும் அலமாரியும் அரிதாக இருப்பதற்குக் காரணம் ரசனைக் குறைவு அல்ல, எந்திரத்தின் வடிவம்.

இந்தியாவில் வண்ணமும் அரக்கும் சேர்ந்த முழு மரச்சாமான் என்றால் குஜராத்தில் வடோதரா அருகேயுள்ள சங்கேடாவைத்தான் சொல்ல வேண்டும். அங்கும் எல்லாம் கடைசல் வேலைதான்: தேக்கைக் கடைந்து எடுத்த தூண்களைக் கோத்தே ஊஞ்சலும் நாற்காலியும் தொட்டிலும் எழும்புகின்றன. ஆழ்ந்த சிவப்புப் பின்னணியில் பொன்னிறக் கொடிகள் ஓடும். அதில் ஒரு பொட்டுத் தங்கம் கிடையாது. வெள்ளீயத்தையும் பசையையும் சேர்த்து இழைத்த வண்ணத்தால் கோலம் தீட்டி, அகேட் கல்லால் தேய்த்து வெள்ளிபோல் மின்னச் செய்கிறார்கள். அதன்மேல் அரக்கு ஏறியதும் வெள்ளி தங்கமாகிறது. இதில் மாயம் எதுவுமில்லை. தங்கம் மஞ்சளாகத் தெரிவது, விழும் ஒளியில் நீலப் பகுதியை விழுங்கி மற்றதைத் திருப்பி அனுப்புவதால். வெள்ளீயம் எல்லா நிற ஒளியையும் திருப்பி அனுப்பும்; இடையிலுள்ள ஆரஞ்சு அரக்கு நீலத்தை மட்டும் வடிகட்டிவிடுகிறது. கண்ணுக்கு வந்து சேர்வது இரண்டிலும் ஒரே கணக்கு.

இத்தாலியர்களும் இதே தந்திரத்தைச் செய்தார்கள். மெக்கா என்ற அவர்களது முறையில், மரச்சட்டத்தின்மேல் வெள்ளித்தாள் ஒட்டி, அதன்மேல் செல்லாக்கும் சண்டரக் என்ற மரப்பிசினும் கலந்த மஞ்சள் வார்னிஷ் பூசுவார்கள். பொன்தாளின் செலவில் ஒரு சிறு பங்கில் பொன் சட்டம் தயார். வெள்ளியைக் காற்றுபடாமல் மூடிக் கறுக்கவிடாமல் காப்பதும் அந்த வார்னிஷ்தான். அது உரிந்த இடத்தில் இன்று கருமை தெரியும்.

இத்தாலிய அரக்கு வேலையின் கதையைத் தொடங்கிவைத்தது சீனமும் ஜப்பானும். அங்கே அரக்கு என்பது டாக்ஸிகோடென்ட்ரான் வெர்னிசிஃப்ளூவம் என்ற மரத்தைக் கீறி வடிக்கும் பால். அதிலுள்ள உருஷியால் என்ற எண்ணெய்ப்பொருளை, பாலிலேயே இருக்கும் லாக்கேஸ் என்ற நொதி, காற்றின் ஆக்சிஜனைக் கொண்டு பின்னிப் பிணைக்கிறது. இதற்கு ஈரம் வேண்டும். 70, 80 சதவீத ஈரப்பதமுள்ள அறையில்தான் பூச்சு சரியாக இறுகும். வெயிலில் வைத்தால் காயாது. ஜப்பானிய வேதியியலாளர் ஹிகோரோகுரோ யோஷிதா 1883-இல் இந்த இறுகலுக்கு நொதி போன்ற ஒரு பொருளே காரணம் என்று காட்டினார். இறுகிய பூச்சு முப்பரிமாண வலை. சாராயம், கொதிநீர், நீர்த்த அமிலம் எதுவும் அதைக் கரைக்காது.

அந்த மரம் மாவும் முந்திரியும் சேங்கொட்டையும் சேர்ந்த அனகார்டியேசியே குடும்பம். மாம்பால் பட்டு உதடு புண்ணாவதும், முந்திரித் தோட்டெண்ணெயில் விரல் பொத்துப்போவதும், சேங்கொட்டைக் குறி போட்ட துணியால் தோல் அரிப்பதும், சீனத்து அரக்குக் கைவினைஞருக்கு வரும் கொப்புளமும் நெருங்கிய உறவுள்ள பொருள்களின் வேலை. பர்மாவின் பாகன் நகரத்து அரக்கும் இதே குடும்பத்து குளூட்டா உசிடாட்டா மரத்தின் பால்தான். மூங்கில் பின்னலின்மேல் அதை அடுக்கடுக்காகப் பூசிச் செய்த பெட்டிகளும் குடுவைகளும், ரங்கூனில் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தாரோடு செட்டிநாட்டு வீடுகளுக்கு வந்தன. அவற்றில் அழுக்கு ஏறியிருந்தால் ஈரத்துணி போதும். பக்கத்திலேயே இருக்கும் செப்புச் சாமானுக்கு ஸ்பிரிட் எமன். பர்மாப் பெட்டியை அது ஒன்றும் செய்யாது.

சீன அரக்கு ஐரோப்பாவுக்குப் போன பாதையில் தமிழ்க் கடற்கரையும் இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சீனத்தில் செய்த பெரிய மடக்குத் திரைகள், பெரும்பாலும் பன்னிரண்டு மடிப்புக் கொண்டவை, ஐரோப்பியக் கும்பினிகளின் சோழமண்டலக் கரைத் துறைகளில் மாற்றுக் கப்பல் ஏறி மேற்கே போயின. தடித்த அரக்கு அடுக்கைச் செதுக்கி, பள்ளங்களில் வண்ணம் நிரப்பிய அந்த வேலைக்கு இன்றும் உலகச் சந்தையில் கோரமண்டல் அரக்கு என்றே பெயர். சோழமண்டலத்தில் அதில் ஒரு கீறல்கூடச் செதுக்கப்படவில்லை. சரக்கு மாறிய துறைக்குப் பெயர். செய்த ஊருக்குப் பெயரில்லை. வணிகத்தில் இது புதிதா என்ன?

ஐரோப்பியப் பணக்காரர்களுக்கு அந்தப் பளபளப்பு வேண்டியிருந்தது, மூலப்பொருள் கிடைக்கவில்லை. மரப்பால் நீண்ட கடல் பயணத்தில் கெட்டுவிடும், தொட்டால் புண்ணாகும், மரமோ ஐரோப்பாவில் இல்லை. எனவே கைக்குக் கிடைத்த பிசின்களால் போலி செய்தார்கள். 1688-இல் இங்கிலாந்தில் ஸ்டாக்கரும் பார்க்கரும் எழுதிய செய்முறை நூலில் இந்திய அரக்கு மணியையும் செல்லாக்கையும் சாராயத்தில் கரைக்கும் வழி இருக்கிறது. 1720-இல் ரோமில் இயேசு சபைப் பாதிரியார் பிலிப்போ பொனான்னி, சீன வார்னிஷ் என்று வழங்கிய பொருளைப் பற்றித் தனி நூலே எழுதினார். வெனிஸ் தச்சர்களும் ஓவியர்களும் மொராக்கோப் பக்கத்து சண்டரக், கிரேக்கத் தீவான கியோஸின் மாஸ்டிக், இந்தியச் செல்லாக் ஆகியவற்றைக் கலந்து சொந்த முறையை வளர்த்துக்கொண்டார்கள்.

வெனிஸ் அலமாரியை மேலிருந்து கீழாக வெட்டிப் பார்த்தால் தஞ்சாவூர் ஓவியம் செய்தவருக்கு எல்லாம் பழகிய பொருளாகவே தெரியும். அடியில் பாப்லர், பைன் போன்ற மலிவு மரம். இணைப்புகளின்மேல் வெடிப்பை மறைக்கத் துணி. அதன்மேல் ஜிப்சத்தையும் விலங்குப் பசையையும் குழைத்த வெள்ளை மக்கு. தஞ்சாவூர்ப் பலகையிலும் மரம், துணி, சுண்ணமக்கு என்ற இதே வரிசைதான். மக்கைத் தேய்த்து வழவழப்பாக்கிய பிறகு பசை வண்ணத்தில் பின்னணி, அதில் பூக்கொத்துகளும் சீன உருவங்களும் நிலக்காட்சிகளும். கடைசியாக வார்னிஷ், பத்து, பன்னிரண்டு தடவைகூட. ஒவ்வொரு பூச்சும் காய்ந்து, தேய்த்து, அடுத்தது. உள்ளிருக்கும் வண்ணம் ஆழத்தில் மிதப்பதுபோல் தெரிவது இத்தனை அடுக்குகள் வழியாக ஒளி போய்த் திரும்புவதால்.

ஓவியருக்குக் கூலி கொடுக்க இயலாதவருக்கும் வழி இருந்தது. பஸ்ஸானோ ஊரின் ரெமோந்தினி அச்சகம், வெட்டி ஒட்டுவதற்கென்றே உருவங்களை அச்சிட்டு விற்றது. அவற்றுக்கு நிறம் கொடுத்து, வெட்டி, அலமாரிமேல் ஒட்டி, சண்டரக் வார்னிஷால் மூடினால் தூரத்தில் ஓவியம்போலவே இருக்கும். லாக்கா போவெரா என்று இன்று அழைக்கப்படும் இந்த ஏழை அரக்கு வேலைக்குத்தான் இப்போதைய ஏலங்களில் நல்ல மதிப்பு. 1797-இல் நெப்போலியன் படையிடம் வெனிஸ் குடியரசு விழுந்ததோடு மாளிகைகளின் செலவும் ஒடுங்கியது. இந்தத் தொழிலின் பொற்காலமும் முடிந்தது.

இன்று அந்த அலமாரிகளைப் பார்க்கிறவர் காண்பது செய்தவர் கண்ட நிறமே அல்ல. இயற்கைப் பிசின்கள் ஒளியிலும் காற்றிலும் ஆக்சிஜனேற்றமடைந்து மஞ்சளாகும். மஞ்சள் திரைக்குப் பின்னால் நீலம் பச்சையாகத் தெரியும். வெள்ளை தந்த நிறமாகும். ஒருகாலத்தில் வான்நீலமாக இருந்த எத்தனையோ அலமாரிகள் இப்போது பாசிப்பச்சையாக நிற்கின்றன. பழமையின் அழகு என்று அந்தப் பச்சைக்கே விலை கொடுக்கிறவர்களும் உண்டு.

இந்த அலமாரிகளில் விழும் விரிசலுக்குக் காரணம் மரம். ஈரம் ஏறினால் மரம் இழைக்குக் குறுக்கே விரியும், காய்ந்தால் சுருங்கும். நீளவாக்கில் அசைவு மிகக் குறைவு. மேலேயுள்ள மக்கு அடுக்கு அப்படி வளைந்துகொடுக்காது. பருவத்துக்குப் பருவம் இந்த இழுபறி நடக்க, மக்கு பிளந்து செதில் செதிலாகப் பெயரும். ஏசி ஓடும் அறையையும் ஐப்பசி மழையையும் மாறிமாறிச் சந்திக்கும் சாமானுக்கு இது வேகமாக நடக்கும். சங்கேடா ஊஞ்சலில் மரத்துக்கும் பூச்சுக்கும் இடையே தடித்த மக்கு கிடையாது. அதனால் இந்தச் சிக்கல் குறைவு.

எது எந்த அரக்கு என்று அறிய ஆய்வகத்தில் பல வழிகள் உண்டு. இருட்டறையில் புற ஊதா விளக்கைக் காட்டினால் செல்லாக் ஆரஞ்சாக ஒளிரும். சண்டரக், மாஸ்டிக் போன்றவை வெளிறிய மஞ்சள் பச்சையில். அகச்சிவப்பு நிறமாலை, பிசினின் வேதிக்குழுக்களைக் காட்டிக்கொடுக்கும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு சொட்டு சாராயம் வைத்துப் பார்ப்பது எளிய சோதனை: பிசுபிசுத்தால் பூச்சிப் பிசினோ சாராய வார்னிஷோ, அசையாமல் இருந்தால் மரப்பால் அல்லது இக்காலச் செயற்கைப் பூச்சு. காலத்தைக் காட்டிக்கொடுப்பவை நிறமிகள். பிரஷ்ய நீலம் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் உருவானது. டைட்டேனியம் வெள்ளை 1920-ஐ ஒட்டித்தான் கடைக்கு வந்தது. அலமாரியின் அடி வண்ணத்திலேயே டைட்டேனியம் இருந்தால், விற்பவர் எந்தக் கோமகனின் பெயரைச் சொன்னாலும் அது 20-ஆம் நூற்றாண்டுச் சாமான்.

தமிழ்நாட்டு வீடுகளில் அரக்கின் நேரடி வாரிசு பிரெஞ்சு பாலிஷ். தேக்கு மேசைக்கும் ரோஸ்வுட் கட்டிலுக்கும் பாலிஷ் மேஸ்திரி தேய்ப்பது ஸ்பிரிட்டில் ஊறிய அவலரக்கேதான். பஞ்சை நூல் பிரியாத மெல்லிய பருத்தித் துணியில் பொதிந்து, கரைசலில் தோய்த்து, வட்டவட்டமாகத் தேய்க்க வேண்டும். அதற்குத் திருப்பூர்ப் பக்கத்திலிருந்து கட்டுக்கட்டாக வரும் பனியன் வேஸ்ட் நன்றாக உதவும். பின்னலாடைத் துணி கரைசலை நிறையக் குடித்துச் சீராக விடும், மேசையில் மடிப்புத் தடம் விழாது. ஸ்பிரிட் ஆவியானதும் அரக்குப் படலம் மட்டும் நிற்கும். அடுத்த தேய்ப்பில் பழைய படலம் கொஞ்சம் இளகிப் புதியதோடு ஒன்றாகும். எத்தனை தடவை தேய்த்தாலும் கடைசியில் ஒரே அடுக்காக இருப்பது இதனால். கரைசலை மாதக்கணக்கில் பாட்டிலில் வைத்திருக்கக்கூடாது: அரக்கின் அமிலமும் சாராயமும் மெல்ல வினைபுரிந்துவிடும், அதைப் பூசினால் பிசுபிசுப்பு போகவே போகாது.

சூடான காப்பி டம்ளர் வைத்த இடத்தில் வெள்ளை வட்டம் விழுவதும் இந்தப் பூச்சில்தான். வெப்பத்தில் இளகிய படலத்துக்குள் ஈரம் நுழைந்து, நுண்ணிய இடைவெளிகளாகத் தங்கி, ஒளியைச் சிதறடிக்கிறது. புதிய வட்டமென்றால் ஸ்பிரிட் லேசாகக் காட்டிய துணியால் மேலோட்டமாக ஒருமுறை வருடினாலே படலம் இளகி ஈரம் வெளியேறிவிடும். பி.யு. எனப்படும் பாலியூரித்தேன் பூச்சில் வட்டமும் எளிதில் விழாது, ஸ்பிரிட்டும் ஒன்றும் செய்யாது. ஆனால் அதில் கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் இளக்கிச் சேர்க்க வழியில்லை. முழுப்பலகையையும் உரித்துத்தான் ஆகவேண்டும்.

வீட்டில் பழைய வண்ணம் தீட்டிய பெட்டியோ, பர்மாக் குடுவையோ, தாத்தா காலத்து அரக்குத் தொட்டிலோ இருந்தால் தின்னரும் உப்புத்தாளும் அதன் பக்கம் போக வேண்டாம். உலர்ந்த மென்துணியால் தூசியைத் தட்டி, நேர் வெயிலும் ஏசிக் காற்றும் படாத சுவரோரம் வைப்பதே போதும். பெயரும் செதிலை ஒட்டுவதைப் பழுதுபார்க்கத் தெரிந்த வல்லுநரிடம் விட்டுவிட வேண்டும். புதுப்பளபளப்பு ஏற்றிய பழஞ்சாமானுக்கு ஏலத்தில் விலை குறையும்.